வெளிச்சச் சாப்பாடு

சிதம்பரம்
7-7-63

அன்புள்ள மாமாவுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. நானும் வந்து சேர்ந்தேன். இந்த வரிசையில் எழுதக் காரணம் உண்டு. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு என் பெட்டியைத் தூக்க மண்டியிலிருந்து துரைக்கண்ணுவை அனுப்பினீர்கள். பெட்டிக்குச் சொந்தக்காரியை வழியனுப்பத்தான் யாரும் வரவில்லை. "வூட்டுக்காரர் வரலியாம்மா?" என்று கண்டக்டர் கேட்டார். மண்டியில் லோடு ஏறுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். கல்யாணமாகி மூன்று வருடத்தில் உங்களுக்காக நான் சொன்ன முதல் பொய் அது.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் ஒன்பது பேர். பெண்கள் மூன்று. தாலி கட்டிக்கொண்டவள் நான் ஒருத்திதான். வார்டன் அம்மா என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டில் சம்மதம்தானே?" என்று இரண்டு தடவை கேட்டார். சம்மதம்தான், ஆனால் நிபந்தனையோடு என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நிபந்தனை எனக்கு மறக்கவில்லை. நம் சமண வழக்கப்படி பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடக் கூடாது. அதற்காகப் பட்டினியும் கிடக்கக் கூடாது. இரண்டில் எது தவறினாலும் படிப்பை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் செஞ்சிக்கு வந்துவிட வேண்டும். எங்கே என்ன சாப்பிட்டேன் என்று தவறாமல் எழுத வேண்டும். அப்படியே எழுதுகிறேன். ஆனால் நீங்களும் எழுத வேண்டும். சமையல்கட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர் என்ன சாப்பிடுகிறார் என்று எனக்கும் தெரிய வேண்டாமா?

விடுதியில் ராத்திரிச் சாப்பாடு ஏழரை மணிக்கு. ஏதாவது ஏற்பாடு செய்துகொள்வேன். இங்கே மலையே இல்லை மாமா. சூரியன் மறைய இடமில்லாமல் கடைசிவரை நின்றுகொண்டிருக்கிறது. நம் ஊரைவிட எனக்குத் தினமும் கொஞ்சம் பகல் கூடுதலாகக் கிடைக்கிறது.

உங்கள்
நீலாஞ்சனா


செஞ்சி
14-7-63

நீலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அன்று மண்டியில் உண்மையாகவே லோடு ஏறியது. ஆகவே நீ சொன்னது பொய் இல்லை.

சமைக்க அம்மாவைக் கூப்பிட்டேன். மேல்சித்தாமூரை விட்டு வரமாட்டாளாம். "பொண்டாட்டிய காலேஜுக்கு அனுப்பினவன் தானே பொங்கித் தின்னட்டும்" என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பொங்கிப் பார்த்தேன். பானையை இரண்டு நாள் ஊறப்போட்டும் அடிப்பிடித்தது போகவில்லை.

பிறகு பஸ் ஸ்டாண்டு எதிரில் இட்லிக் கடைக்குப் போனேன். பிறந்து முப்பத்தோரு வருடத்தில் இந்த ஊரில் வெளியே உட்கார்ந்து நான் சாப்பிட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். வெங்காயம் போடாத சட்னி இருக்கிறதா என்று கேட்டேன். "வெங்காயம் இல்லாம சட்னின்னு அதுக்கு இன்னா பேருங்க?" என்றான். பக்கத்து பெஞ்சில் சிரித்தார்கள். இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டு எழுந்து வந்தேன்.

சிதம்பரத்துச் சூரியனைப் பற்றி எழுதியிருந்தாய். நம் வீட்டில் ராஜகிரி மலையின் நிழல் தெருவில் விழுந்தால் இலையை எடுத்துவிடுவோம். இடம் மாறினாலும் வழக்கத்தை விடாதே.

விருஷபதாஸ்


சிதம்பரம்
4-8-63

அன்புள்ள மாமாவுக்கு,

சர்க்கரை தொட்டு இட்லி தின்றதைப் படித்துச் சிரித்தேன். பிறகு பாவமாகவும் இருந்தது. லீவில் வரும்போது அந்தக் கடைக்குப் போய்ச் சண்டை போடுவேன்.

சனி, ஞாயிறுகளில் எங்களை வெளியே விடுகிறார்கள். என் அறைத்தோழி ஆண்டாள் கும்பகோணத்துக்காரி. நாக்குக்காகவே பிறந்தவள். எந்தக் கடையில் எத்தனை மணிக்கு எது சூடாக இறங்கும் என்று பாடத்தைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். ரயில்வே கேட் தாண்டி வீதிகளைச் சுற்றிக்கொண்டு நடந்தே போகிறோம். மேல வீதியில் ஆதிமூலம் ஓட்டல் என்று ஒன்று. பெண்கள் உட்காரப் பச்சைத் திரை போட்ட தனி அறை. திரைக்கு வெளியே நிற்பவரிடம் பலகாரங்களின் பெயரைச் சொல்லவே எனக்கு முதலில் குரல் வரவில்லை. ரவா தோசை வந்தது. ஓரமெல்லாம் சலங்கை கட்டின மாதிரி ஓட்டை ஓட்டையாக, மிளகும் முந்திரியும் மட்டும். வெங்காயம் இல்லை. இரண்டு தின்றேன்.

இந்த ஊரில் கத்தரிக்காய்க் கொத்சு என்றால் உயிரை விடுகிறார்கள். ஓட்டல் கொத்சில் வெங்காயம் உண்டு, தொடவில்லை. கோவில் பக்கம் வாங்கிய சம்பா சாதத்துக்குத் தந்த கொத்சில் கிடையாது. மிளகு, சீரகம், நெய் மணக்கும் அந்தச் சாதத்தை நாலரை மணி வெயிலில் குளத்துப் படியில் உட்கார்ந்து தின்றோம். உங்களுக்கு ஒரு பொட்டலம் கட்டி அனுப்ப முடியாதா என்று நினைத்தேன். மற்ற நாட்களில் விடுதியிலேயே பார்த்துக்கொள்கிறேன், கவலை வேண்டாம்.

வேர்க்கடலையை நாம் மல்லாட்டை என்பதைக் கேட்டு ஆண்டாள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மண்ணுக்கடியில் விளைவதைத் தின்ன மாட்டோம் என்கிறாயே, மல்லாட்டை மட்டும் எப்படி என்று மடக்குகிறாள். மண்டிக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள்
நீலாஞ்சனா


செஞ்சி
25-8-63

அன்புள்ள நீலாவுக்கு,

அந்தப் பெண்ணிடம் சொல்: மல்லாட்டை வேர் இல்லை, காய். பூத்த பிறகு ஊசி மாதிரி இறங்கி மண்ணுக்குள் காய்க்கிறது. வேண்டுமானால் ஒரு செடியைப் பிடுங்கி, வேரையும் காயையும் தனித்தனியே காட்ட துரைக்கண்ணுவை அனுப்புகிறேன்.

இங்கே நடந்ததை எழுதுகிறேன். நீ போன பிறகுதான் நான் பிறந்த ஊரையே சாப்பிட்டுப் பார்க்கிறேன். சந்தைக்கு நுழைகிற இடத்தில் காத்தாயி என்று ஒரு அம்மாள் கம்பு அடை சுடுகிறாள். முருங்கைக்கீரை போட்டு இரும்புக் கல்லில் தட்டுகிறாள். வாசனை பிடித்து நின்றுவிட்டேன். வெங்காயம் போடாமல் ஒன்று கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டேன். "உனக்கு ஒண்ணு தனியா தட்டித் தரேன், நயினாரே. அத்த கேக்கறதுக்கு இன்னா கூச்சம்?" என்றாள். வெல்லத்தோடு தந்தாள். வீட்டுக்கு வந்தும் விரலை முகர்ந்துகொண்டிருந்தேன்.

அந்தத் தைரியத்தில் கோதண்டராமன் சாப்பாட்டுக் கிளப்புக்குப் போனேன், திண்டிவனம் ரோட்டில். அங்கே ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குத்தான் என்றார். நான் நேராக உள்ளே போய் அடுப்படியில் நின்ற அவர் சம்சாரம் கமலாம்பாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் சொன்னது இது: "சோறு அஞ்சு மணிக்கே ஆயிடுதுங்க. ரசமும் ஆயிடுது. வெங்காயம் போடறதுக்கு முன்னாடி பருப்புல ஒரு கரண்டி எடுத்து வெச்சா தீந்துது. இத்தினி நாளா கேக்காம எங்க போனீங்க?"

இப்போது தினமும் ஐந்து மணிக்கு எனக்கு இலை. மண்டிக்கு மூட்டை கொண்டுவரும் தொண்டூர்க்காரர்கள் இரண்டு பேர், நம் மேல்சித்தாமூர் ஆட்கள் மூன்று பேர், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். முன்பு பொழுது சாயும் முன்னே வீடு போய்ச் சேர மாட்டை விரட்டுவார்கள். இப்போது நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். கோதண்டராமன் வாசல் பலகையில் சாக்கட்டியால் 'வெளிச்சச் சாப்பாடு மாலை 5' என்று எழுதிப் போட்டுவிட்டார். பெயர் அவர் வைத்ததுதான். எனக்குப் பிடித்திருக்கிறது.

உன் கடிதம் மாதத்துக்கு ஒன்றுதான் வருகிறது. போதாது.

விருஷபதாஸ்


சிதம்பரம்
29-9-63

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கம்பு அடைக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஆண்டாளுக்கும் படித்துக் காட்டினேன், கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு.

தேர்வு நெருங்குவதால் வேலை அதிகம். சாப்பாட்டுக்கு ஒன்றும் குறைவில்லை. புதன்கிழமை ஆதிமூலம் ஓட்டலில் சாம்பார் இட்லி சாப்பிட்டேன். அந்த ருசியைச் சொல்லி முடியாது. ஆழமான கிண்ணத்தில் இட்லி முங்கிக் கிடக்கும். மேலே நெய். முழுசு முழுசாகச் சின்ன வெங்காயம் வெந்து, கடித்தால் இனிப்பாகக் கரையும். மழை பெய்து விட்டிருந்தது. திரைக்கு வெளியே டியூப் லைட்டைச் சுற்றி ஒரே ஈசல். மழைக்கும் அந்தச் சூட்டுக்கும் எழுந்து வரவே மனமில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். எழுத்துதான் கொஞ்சம் கோணலாக இருக்கிறது. பேனா சரியில்லை.

உங்கள்
நீலாஞ்சனா


செஞ்சி
4-10-63

நீலா,

உன் கடிதத்தைக் கமலாம்பாளிடம் காட்ட எடுத்துப் போனேன். சாம்பார் இட்லி எப்படிச் செய்வது என்று கேட்கத்தான். பாதி படித்ததும் கடிதத்தை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ சின்ன வெங்காயத்தைக் கடித்துப் பார்த்தவள் இல்லை. உன் பிறந்த வீட்டிலும் இல்லை, நம் வீட்டிலும் இல்லை. அது இனிப்பாகக் கரையும் என்று உனக்கு எப்படித் தெரியும்? விளக்கில் ஈசல் விழுகிற நேரத்தில் சாப்பிடக் கூடாது என்பதற்காகத்தானே நம் வீடுகளில் வெளிச்சத்திலேயே இலை போடுகிறோம்? அந்த ஈசலுக்குக் கீழே உட்கார்ந்து நீ சாப்பிட்டாயா? புதன்கிழமை உங்களை வெளியே விடவே மாட்டார்களே.

நீ அங்கே போகவில்லை. யாரோ சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னதை எழுதியிருக்கிறாய். அப்படியானால் நீ என்ன சாப்பிட்டாய்? எத்தனை நாளாக?

திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. உண்மையை எழுது.

விருஷபதாஸ்


சிதம்பரம்
8-10-63

மாமா,

ஆண்டாள் சொன்னதுதான். அன்று அவள் அப்பா வந்திருந்ததால் வெளியே விட்டார்கள். திரும்பி வந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பசியோடு கேட்டதால் ஒரு சொல்லும் விடாமல் மனசில் நின்றுவிட்டது. என்ன எழுதுகிறேன் என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

சனி, ஞாயிறு பற்றி எழுதியதெல்லாம் நிஜம். மற்ற ஐந்து நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலரை மணிக்கு ஒரு டம்ளர் பால், இரண்டு வாழைப்பழம். மறுநாள் காலைவரை அவ்வளவுதான். ஜூலை முதல் இப்படித்தான். முதலில் தாங்கியது. இப்போது காலை வகுப்பில் எழுத்தெல்லாம் கலங்குகிறது. போன வாரம் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

விடுதிச் சமையற்கார நாகம்மாளிடம் ஒரு தடவை கேட்டேன். "ஒருத்திக்காக உலை வெக்க முடியுமா கண்ணு?" என்றாள். அவள் சொன்னது நியாயம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுபடி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நிபந்தனை தவறிவிட்டது. பெட்டி கட்டி வைத்திருக்கிறேன். வா என்று எழுதினால் வந்துவிடுவேன். ஆனால் எனக்கு வர விருப்பமில்லை. இதை ஒளிக்காமல் சொல்கிறேன். பசியைவிட, படிப்பு போய்விடுமே என்கிற பயம்தான் இத்தனை நாளும் பெரிதாக இருந்தது. அதற்காகத்தான் பொய் எழுதினேன். உங்களை ஏமாற்றியது நினைக்க நினைக்க வலிக்கிறது.

நீலா


செஞ்சி
12-10-63

அன்புள்ள நீலாவுக்கு,

பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வை. அதுதான் முதல் வேலை.

நிபந்தனை போட்டது நான். ஏன் போட்டேன் என்று இப்போது சொல்கிறேன். விடுதியில் இருட்டிய பிறகுதான் சோறு போடுவார்கள் என்று எனக்கு முன்பே தெரியும். விசாரித்திருந்தேன். பத்து நாளில் நீயே திரும்பி வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு வராததற்கும் காரணம் லோடு இல்லை. வந்தால் போகாதே என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தேன். நீ பொய் எழுதியது என் தப்பினால். அந்த நிபந்தனை இன்றோடு இல்லை. பொழுது சாய்ந்து ஒரு வாய் சாப்பிட்டாலும் சரி, நான் கேட்க மாட்டேன். நீ சாப்பிட மாட்டாய் என்றும் தெரியும். அதனால்தான் மேலே எழுதுகிறேன்.

நாகம்மாள் சொன்னதைக் கவனி. ஒருத்திக்காக முடியாது என்றுதானே சொன்னாள்? மண்டியில் ஒரு மூட்டைக்காக லாரி நிற்காது. பத்து மூட்டை சேர்த்துக் காட்டினால் தானே வந்து நிற்கும். ஐந்து மணிக்குச் சோறு கிடைத்தால் தேவலை என்று நினைக்கிறவர்கள் அந்த விடுதியில் வேறு யாரும் இல்லையா? நம்மைப் போல் நயினார் வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. தேடு. பிறகு கூச்சப்படாமல் அடுப்படிக்கே போய்க் கேள். நான் இட்லிக் கடையில் சிரிப்பு வாங்கியவன்தான். என்ன குறைந்துவிட்டது?

துரைக்கண்ணு இந்தக் கடிதத்தோடு வருகிறான். வறுத்த மல்லாட்டை நான் வறுத்தது, அங்கங்கே கருகியிருக்கும். பொரிவிளங்காய் உருண்டை அம்மா பிடித்தது. நான் கேட்கவில்லை. அண்ணன் போய் விஷயத்தைச் சொன்னதும், "படிப்பு கிடக்கட்டும், பொண்ணு பட்டினியா கிடக்கறதா?" என்று அன்றைக்கே மாவு அரைக்க உட்கார்ந்துவிட்டாளாம். ஒன்று தின்றுவிட்டுத்தான் துரைக்கண்ணுவைத் திருப்பி அனுப்ப வேண்டும். பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

உன்
விருஷபதாஸ்


சிதம்பரம்
10-11-63

அன்புள்ள மாமாவுக்கு,

துரைக்கண்ணு முன்னால் ஒன்றுக்கு மூன்று உருண்டை தின்று காட்டினேன். "போதும்மா, பல்லு போயிடப் போவுது" என்று அவரே பயந்துவிட்டார். உருண்டை அத்தனை கெட்டி. அத்தையின் கோபம் முழுக்க அதில் இறங்கியிருக்கிறது, வெல்லமும் அதே அளவு இருந்தது.

நீங்கள் சொன்னபடி தேடினேன். பாட்டு வகுப்புப் பெண்கள் ஆறு பேருக்கு ஆறரை முதல் எட்டுவரை சாதகமாம். திரும்பி வந்தால் ஆறிப்போன சோறுதான். வயிறு நிறைய இருந்தால் பாட வராது என்று பலர் அதையும் தொடுவதில்லை. என்னைப் போலவே அவர்களும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். இராத்திரி சீக்கிரம் படுத்து விடியலில் படிக்கிற மூன்று பேர் கிடைத்தார்கள். கடைசியில் ஆண்டாள், படிப்புக்காக இல்லை, ஐந்து மணிக்கும் ஏழரைக்கும் இரண்டு தடவை சாப்பிடலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர்.

வார்டன் அம்மாவிடம் நான்தான் பேசினேன். சமையற்கட்டு ஒத்துக்கொண்டால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். பிறகு அடுப்படிக்குப் போய் நாகம்மாளிடம் கமலாம்பாள் சொன்ன வழியைச் சொன்னேன். "வெங்காயம் போடறதுக்கு முன்னாடி பருப்ப எடுத்து வெக்கணும், அவ்வளவுதானே? இத அப்பவே சொல்லக் கூடாதா கண்ணு? நான் நீ தனியா உலை வெக்கச் சொல்றேன்னு நெனச்சேன்" என்றாள். முதல் நாள் ஐந்தே காலுக்கு இலை போட்டார்கள். சோறு, பருப்பு, ரசம், பூசணிக்காய்க் கூட்டு, மோர். ஜன்னல் வழியாக வெயில் இலையில் விழுந்தது. ருசியைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வேகவேகமாகத் தின்றேன்.

சாப்பாட்டுக்கூடப் பலகையில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். கோதண்டராமன் வைத்த பெயரையே எழுதிவிட்டேன். பாட்டுப் பெண்கள் அதை ராகம் போட்டுச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

டிசம்பர் 21, சனிக்கிழமை லீவு விடுகிறார்கள். விழுப்புரம்வரை ரயில். அங்கிருந்து பஸ் ஐந்து மணிக்கு செஞ்சிக்கு வரும் என்கிறார்கள். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் போல இருக்கிறது. இந்தத் தடவை சந்தோஷமாக.

உங்கள்
நீலா


செஞ்சி
15-12-63

அன்புள்ள நீலாவுக்கு,

அந்த பஸ் ஐந்து மணிக்கு வரும் என்று சொல்வது வழக்கம். வருவது அதன் இஷ்டம். இப்போது சூரியன் ஐந்தே முக்காலுக்கெல்லாம் இறங்கிவிடுகிறது. ராஜகிரி நிழல் அதற்கும் முன்னால் தெருவுக்கு வந்துவிடுகிறது. அன்றைக்கு மட்டும் மலை நிழலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சிதம்பரத்தில் நிற்கிற மாதிரி கடைசிவரை நிற்கிற சூரியனையே வைத்துக்கொள்வோம். அம்மாவிடம் சொன்னேன். முந்தின நாளே வந்துவிடுகிறாளாம்.

சமையல் அம்மா இல்லை, நான். ஒரு மாதமாகக் கமலாம்பாள் அடுப்படியில் நின்று கற்றுக்கொண்டேன். சோறு பதமாக வருகிறது. ரசம் வருகிறது. கம்பு அடை இன்னும் வட்டமாக வரவில்லை, அது காத்தாயியிடமிருந்து வாங்கியதாக இருக்கும். முன்பே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் சுட்டது என்று ஏமாற்றியதாகச் சொல்லாதே.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன். துரைக்கண்ணு பெட்டியை மட்டும் பார்த்துக்கொள்வான். நாலு மணிக்கே வந்து நிற்பேன், லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பஸ் தாமதமாகிப் பொழுது சாய்ந்துவிட்டால் பயப்படாதே. இலையை எடுத்துவிடலாம். அன்று நானும் சாப்பிட மாட்டேன். இரண்டு பேரும் பசியோடு படுத்து, காலையில் வெளிச்சம் வந்ததும் சேர்ந்து சாப்பிடலாம்.

உன்
விருஷபதாஸ்